கடைசிக் கண்ணியின் நலிவு

ஒரு தொழில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதை அதன் வாயிலில் நின்று அளந்துவிட முடியாது. வாயிலில் நிற்பவர்க்குத் தெரிவது அத்தொழிலுக்கு நேரே சரக்கு அளிப்பவர் மட்டுமே. அவருக்குச் சரக்கு அளிப்பவர் யார், அந்த இரண்டாமவர்க்கு அளிப்பவர் யார் என்று கீழே இறங்கிக் கேட்போர் மிகச் சிலர். ஆனால் பெரிய ஆலைகள் ஓட்டமின்றி நின்றுபோன நிகழ்ச்சிகளை எடுத்து ஆராய்ந்தால், எவரும் பெயர் கேட்டறியாத ஒரு கீழ்ப்படியில் சங்கிலி முறிந்திருப்பதைப் பல சமயம் காணலாம்.

இவ்விஷயம் மோட்டார் ஆலைகளுக்கும் யந்திரத் தொழிற்கூடங்களுக்கும் மட்டுமே உரியதென்று நம் அங்கத்தினர்கள் கருதலாகாது. நெசவாளர் சங்கமும் ஒரு சங்கிலியில் கோத்த கண்ணியே. பருத்தியும் பட்டுக்கூடும் விளைவிக்கும் விவசாயியும் அவ்வாறே. நூலும் சாயமும் வாங்கும்போது நாம் மேற்படியில் நிற்கிறோம். துணியையும் விளைபொருளையும் விற்கும்போது கீழ்ப்படியில் நிற்கிறோம். ஆதலின் பிறர் நலிவை அறிய வேண்டிய கடமையும், நம் நலிவைப் பிறரறியாமல் மறைக்கத் தூண்டும் அச்சமும் நமக்கு ஒருங்கே உண்டு. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால்தான் இப்பிரச்சினைக்கு வழி பிறக்கும்.

பல கிளை, ஒரே வேர்

முதலில் பெருந்தொழில்களின் அனுபவத்தைப் பார்ப்போம். ஜெர்மனி நாட்டில் மார்ல் என்னும் ஊரிலுள்ள எவோனிக் கம்பெனியின் இரசாயனக் கூடம் ஒன்றில் 2012-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் தேதி வெடிப்பு நேர்ந்து தீப்பற்றியது. தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். அங்கே தயாரான இரசாயனத்துக்குச் சுருக்கப் பெயர் சி.டி.டி. என்பது. அதிலிருந்து நைலான்-12 என்னும் பிளாஸ்டிக் செய்யப்படுகிறது. அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து கார்களில் பெட்ரோல் ஓடும் குழாய்களும் பிரேக் குழாய்களும் செய்யப்படுகின்றன. குழாய் செய்வோர் பலர் இருந்தனர். பிளாஸ்டிக் விற்போரும் ஒருவருக்கு மேற்பட்டோர் இருந்தனர். ஆனால் அதற்கு மூலமான சி.டி.டி. தயாராகும் இடங்களோ உலகில் மிகச் சில. அவற்றுள் முக்கியமானது மார்ல். இரண்டு மூன்று குழாய்க்காரரிடம் பிரித்து வாங்கியமையால் தமக்கு அபாயமில்லை என்றிருந்த கார் கம்பெனியார், அக்குழாய்க்காரர் அனைவரும் ஒரே ஊற்றில் நீர் முகந்தவர்கள் என்பதை ஊற்று வற்றிய பின்னரே உணர்ந்தனர். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலேயே அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒருவரோடொருவர் போட்டியிடும் கார் கம்பெனிகளின் பிரதிநிதிகளும் அவர்களுக்குச் சரக்கு அளிப்போரும் ஒரே மண்டபத்தில் கூடி, மாற்றுப் பொருளுக்கு வழி தேட வேண்டியதாயிற்று.

இதற்கு ஓராண்டு முன்னர், 2011-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி, ஜப்பான் நாட்டின் கிழக்குக் கரையைப் பெரும் பூகம்பமும் ஆழிப்பேரலையும் தாக்கின. புகுஷிமா மாகாணத்தில் ஓனகாமா என்னும் இடத்தில் ஜெர்மானிய மெர்க் கம்பெனியின் நிறமிக் கூடம் ஒன்று இருந்தது. கார் வண்ணத்துக்கு மினுமினுப்பு ஊட்டும் ஒருவகை நிறமி அக்காலத்தில் உலகிலேயே அந்த ஓரிடத்தில்தான் செய்யப்பட்டது. அது நின்றதும், கடல் கடந்த அமெரிக்காவில் போர்டு கம்பெனி சில கறுப்பு, சிவப்பு நிறக் கார்களுக்கு ஆர்டர் எடுக்க வேண்டாமென்று தன் விற்பனையாளர்களுக்குச் சொல்ல நேர்ந்தது. ஒரு காரில் சேரும் நிறமியின் விலை அற்பம். எனினும் அது இன்றி அந்த நிறக் கார் வெளிவரவில்லை.

இந்தப் பூகம்பத்துக்குப் பின்னர் ஜப்பானியர் ஓர் உண்மையைக் கண்டுகொண்டனர். தம் தொழில் அமைப்பு கோபுரம் போன்றது, கீழே செல்லச் செல்லச் சரக்கு அளிப்போரின் எண்ணிக்கை பெருகும் என்றே அவர்கள் அதுவரை எண்ணியிருந்தனர். ஆராய்ந்ததில், நடுவில் பருத்துக் கீழே மீண்டும் ஒடுங்கும் வைர வடிவமாகப் பல இடங்களில் அது அமைந்திருந்தது. முதற்படியில் பத்துப் பேர், இரண்டாம் படியில் ஐம்பது பேர். ஆனால் மூன்றாம் நான்காம் படியில் அவ்வைம்பது பேருக்கும் அளிப்பவர் இருவரோ ஒருவரோதான் என்பது போன்ற நிலை.

நம் தொழிலிலும் இதனைக் காணலாம். ஒரு சங்கம் மூன்று வியாபாரிகளிடம் நூல் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மூவரும் ஒரே பட்டறையில் சாயமேற்றித் தருவாராயின், சங்கத்துக்கு இருப்பது மூன்று வழியென்று கணக்கில் எழுதலாமே யன்றி, உண்மையில் இருப்பது ஒரே வழி. காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலைக்குக் கச்சாப் பட்டு பெரிதும் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருவது யாவரும் அறிந்ததே. அந்த ஜரிகைக்குப் பின்னால் கம்பி இழுப்பவர், அதைத் தட்டையாக்குபவர், இழையில் சுற்றுபவர், முலாம் பூசுபவர் என்று எத்தனை கைகள் உள்ளன என்பதைச் சேலை நெய்பவர் அறியார், விற்பவரும் அறியார்.

அறிந்தவர் ஏன் பேசுவதில்லை?

கீழ்ப்படியின் நலிவு ஒருவருக்கும் தெரியாமல் இருப்பதில்லை. அங்கே வேலை செய்பவர்க்கு அது நன்றாகத் தெரியும். அந்த அறிவு மேலே ஏறி வருவதில்லை என்பதே கேடு. இதற்கு ஆடைத் தொழிலிலேயே ஒரு துயரமான சான்று உண்டு. வங்காள தேசத்தில் டாக்கா நகரை அடுத்த சாவாரில், ராணா பிளாசா என்னும் எட்டடுக்குக் கட்டடத்தில் பல ஆடைத் தொழிற்கூடங்கள் இயங்கின. 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி அதன் சுவர்களில் வெடிப்புகள் காணப்பட்டன. கீழ்த் தளத்திலிருந்த கடைகளும் வங்கியும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்களோ மறுநாட்காலை வேலைக்கு அழைக்கப்பட்டனர். அன்று கட்டடம் இடிந்து விழுந்து 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து எடுத்த ஆடைகளின் பெயர்ச்சீட்டைக் கண்ட பின்னரே, தம் துணி அங்கே தைக்கப்படுவதைச் சில அந்நிய நாட்டு வியாபார ஸ்தாபனங்கள் அறிந்தன. சுவரின் வெடிப்பைத் தொழிலாளர் கண்ணால் கண்டனர், அஞ்சவும் செய்தனர். அவர்கள் சொல் சென்று சேர வேண்டிய இடத்துக்கு வழியே இல்லை.

சிறு தொழிலாளியும் சிறு பட்டறைக்காரரும் தம் குறையை வெளியிடாமைக்குக் காரணம் எளிது. "எனக்கு முடை, யந்திரம் பழுது, ஆட்கள் போய்விட்டார்கள்" என்று சொன்னால், வாங்குபவர் அடுத்த மாதம் வேறொருவரிடம் போய்விடுவார் என்னும் அச்சமே அது. அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. ஆகவே அவர் கடன் வாங்கிச் சமாளிக்கிறார். கூலியை நிறுத்தி வைக்கிறார். பழுதான யந்திரத்தை ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார். வெளியே எல்லாம் ஒழுங்காகத் தோன்றுகிறது. ஒருநாள் கதவு பூட்டப்படுகிறது.

இந்த நலிவை உண்டாக்குவதில் வாங்குபவரின் பங்கும் சிறிதன்று. சரக்கைப் பெற்றுக்கொண்டு பணத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது, சிறியவரிடமிருந்து வட்டியில்லாக் கடன் வாங்குவதற்கு ஒப்பாகும். நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குறு, சிறு, நடுத்தரத் தொழில் அபிவிருத்திச் சட்டம், உடன்பாட்டில் எவ்வளவு தவணை எழுதியிருப்பினும் 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டுமென்றும், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி தர வேண்டுமென்றும் விதிக்கிறது. சட்டம் நல்லதே. எனினும் ஒரே ஒரு வாடிக்கைக்காரரை நம்பி வாழும் பட்டறைக்காரர் அவர்மீதே வழக்குத் தொடுக்கத் துணிவது அரிது. சட்டம் அளித்த உரிமையை அச்சம் பறித்துக்கொள்கிறது.

நலிவின் அடையாளங்கள்

அங்ஙனமாயின், வாய்விட்டுச் சொல்லாத நலிவை எவ்வாறு அறிவது? அதற்குச் சில அடையாளங்கள் உண்டு. அனுபவமுள்ள காரியதரிசிகள் இவற்றைப் பெரும்பாலும் அறிவர். ஒருங்கே வைத்துப் பார்ப்பதுதான் குறைவு.

முதலாவது, விலை. ஊரில் எல்லோருக்கும் அடக்கவிலை ஏறியிருக்கும்போது ஒருவர் மட்டும் பழைய விலைக்கே தருவாராயின், மகிழ்வதற்கு முன் யோசிக்க வேண்டும். அவர் தம் முதலைத் தின்று கொண்டிருக்கிறார் என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

இரண்டாவது, பணம் கேட்கும் முறை. முன்பு மாதக் கடைசியில் வாங்கியவர் இப்போது வாரந்தோறும் கேட்பதும், சரக்குக்கு முன்பணம் கேட்பதும், தவணை சொன்ன நாளில் பாதிச் சரக்கு மட்டும் அனுப்புவதும் கையில் ஓட்டமில்லை என்பதைக் காட்டும்.

மூன்றாவது, ஆள். விழுது கட்டுவதும், பாவு பிணைப்பதும், ஜக்கார்டு அட்டை அடிப்பதும் சில ஊர்களில் ஓரிருவர் கையில் நிற்கும் வேலைகள். அவருக்கு வயது எழுபது. பழகும் இளைஞர் எவருமில்லை. கண் பார்வையும் மங்குகிறது. இதனை நலிவென்று எந்தக் கணக்குப் புத்தகமும் எழுதாது. ஆயினும் அவர் ஓய்ந்த நாளில் நூறு தறிகள் நிற்கும்.

நான்காவது, ஒரே வாடிக்கை. தம் சரக்கு முழுவதையும் ஒருவருக்கே விற்பவர், அந்த ஒருவர் தும்மினால் படுக்கையில் விழுவார்.

இவை தவிர, கேட்டறிய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் டேவிட் சிம்சி-லெவி போர்டு கம்பெனிக்காக ஆராய்ந்து, அதனை 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவருடைய முறையில் ஒவ்வொரு சரக்கு அளிப்பவரைப் பற்றியும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அவர் கூடம் நின்றுவிட்டால் மீண்டும் இயங்க எத்தனை நாள் ஆகும்? அவரின்றி நம் தொழில் எத்தனை நாள் தாங்கும்? மீளும் நாள் தாங்கும் நாளைவிட மிகுதியாயின், அபாயம் அங்கே இருக்கிறது. இம்முறையில் பார்த்தபோது, ஏராளமான பணம் கொடுத்து வாங்கும் சரக்குகளில் மட்டுமின்றி, அற்ப விலையுள்ள சில்லறை உறுப்புகளிலும் பேரபாயம் பதுங்கியிருந்தது தெரியவந்தது. விலை உயர்ந்த சரக்கை மேலதிகாரிகள் அன்றாடம் கவனிக்கின்றனர். மலிவான சரக்கை ஒருவரும் கவனிப்பதில்லை.

தீப்பெட்டிக் குச்சி எண்ணுவதுபோல எல்லாவற்றையும் எண்ண வேண்டியதில்லை. நம் சங்கத்தில் அச்சு, விழுது, சாயம், பாவு ஓட்டுதல் என்று பத்துப் பன்னிரண்டு இனங்களுக்கு இவ்விரண்டு கேள்விகளைக் கேட்டு எழுதினால், ஒரு மாலைப்பொழுதில் வேலை முடியும்.

கண்டபின் செய்வது யாது?

இங்கேதான் நம் வழியும் பிறர் வழியும் பிரிய வேண்டும் என்பது என் கருத்து. நலிந்தவரைக் கண்டுபிடித்து அவரை விலக்கிவிட்டு வேறிடம் போவது வியாபாரிகளில் பலர் கைக்கொள்ளும் வழி. அதனால் ஒருமுறை தப்பலாம். ஆனால் ஒருவர் விலக்கப்பட்டதைக் கண்ட மற்ற ஒன்பது பேரும் தம் நலிவை இன்னும் ஆழப் புதைப்பர். அடுத்த முறை அறிகுறிகூடத் தென்படாது. நலிவை அறிய விரும்புவோர், அறிந்தால் தாங்குவோம் என்னும் நம்பிக்கையை முதலில் அளித்தாக வேண்டும். உண்மையைச் சொன்னவர் நஷ்டப்படும் இடத்தில் உண்மை வெளிவராது.

இது வெறும் தரும உபதேசம் என்று தள்ள வேண்டாம். பெருந்தொழில்களே இதற்குச் சான்று. ஜப்பானில் கரியா நகரிலிருந்த ஐசின் கம்பெனியின் தொழிற்கூடம் 1997-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி தீக்கிரையாயிற்று. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கு வேண்டிய ஒரு சிறு வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் செய்யப்பட்டது. கையிருப்போ மிகக் குறைவு. டொயோட்டாவின் ஆலைகள் பெரும்பாலும் நின்றன. ஆயினும் சுமார் 200 தொழிற்கூடத்தினர் நேரிலும் மறைமுகமாகவும் வந்து அந்த வால்வைச் செய்ய முனைந்தனர். தையல் யந்திரத்துக்குப் பெயர்பெற்ற பிரதர் கம்பெனியும் அவர்களுள் ஒன்று. விலை என்ன, நஷ்டம் யாருடையது என்னும் பேரத்தைப் பின்னர் பார்த்துக்கொள்வதென வைத்தனர். ஒரு வாரத்துக்குள் ஆலைகள் மீண்டும் ஓடத் தொடங்கின.

2011-ஆம் ஆண்டின் பூகம்பத்தில் ரெனேசாஸ் கம்பெனியின் நாகா தொழிற்கூடம் சிதைந்தபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. கார்களுக்கு வேண்டிய நுண்சில்லுகள் அங்கே தயாராயின. போட்டிக் கம்பெனிகள் தத்தம் ஆட்களை அனுப்பின. நாளொன்றுக்கு 2,500 பேர் வரை வெளியிலிருந்து வந்து உழைத்தனர். எதிர்பார்த்ததற்கு முன்னதாகவே, ஜூன் 1-ஆம் தேதி உற்பத்தி தொடங்கிற்று. லாபநோக்குள்ள கம்பெனிகளே ஆபத்துக் காலத்தில் ஒருவர்க்கொருவர் தோள் கொடுக்கும்போது, ஒருவர்க்கொருவர் உதவுவதற்கென்றே அமைந்த கூட்டுறவுச் சங்கங்கள் தீப்பற்றும் வரை காத்திருக்க வேண்டுமா?

இதற்குச் சில தடைகள் கூறப்படும். கையிருப்பை மிகுதியாக வைத்தால் போதாதா என்பர். ஓரளவு உதவும். பூகம்பத்தின் பாடத்தால் நுண்சில்லுகளுக்குச் சில மாதக் கையிருப்பு வைக்கச் செய்த டொயோட்டா, 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மற்றவர்கள் தட்டுப்பாட்டால் தவித்தபோது தாக்குப்பிடித்தது; ஆனால் அவ்வாண்டு செப்டம்பரில் அதுவும் உற்பத்தியைப் பெரிதும் குறைக்க நேர்ந்தது. கையிருப்பு காலத்தை வாங்கித் தரும், கண்ணியைச் செப்பனிடாது. மேலும் நூலில் பணத்தை முடக்கிவிட்டால் கூலி கொடுக்கப் பணம் இராது.

இரண்டு பேரிடம் வாங்கினால் போதுமே என்பர் வேறு சிலர். சாயப்பட்டறைக்குக் கொடுக்கும் வேலையே ஒருவருக்குத்தான் போதும் எனின், அதை இருவருக்குப் பிரிப்பது இருவரையும் பட்டினி போடுவதாகும். அத்தகைய இடத்தில் அந்த ஒருவரை உறுதிப்படுத்துவதும், அண்டைச் சங்கத்தோடு பேசி அவசரத்துக்கு அவர்கள் பட்டறையை உபயோகிக்க ஏற்பாடு செய்துகொள்வதுமே தக்கது.

தமக்குச் சரக்குத் தருபவர் பெயரைச் சொன்னால், தம்மைத் தாண்டி நேரே அவரிடம் போய்விடுவார்களே என்று நடுவிலுள்ளவர் அஞ்சுவார். இந்த அச்சம் நியாயமானது. ஜப்பானில் பெரிய கம்பெனிகள் கேட்டபோதும் பலர் இதனாலேயே தயங்கினர். பெயரை அறிவது வியாபாரத்தைப் பறிப்பதற்கன்று என்று சங்கம் எழுத்து மூலமாகவே உறுதி தந்து, அந்த உறுதியைக் காக்க வேண்டும்.

சங்கங்களின் முன்னுள்ள வேலை

அடுத்த மகாசபைக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் மூன்று தீர்மானங்களை ஆலோசிக்கலாம். முதலாவது, முக்கியமான ஒவ்வோர் இனத்துக்கும் அளிப்பவர் யார், அவர்க்கு அளிப்பவர் யார் என்று இரண்டு படிவரையேனும் காட்டும் ஒரு பதிவேடு. அது காரியதரிசியின் பொறுப்பில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை நேரில் சென்று பார்த்துத் திருத்தப்படட்டும். கடிதம் எழுதிக் கேட்டால் எல்லாம் நலம் என்றே பதில் வரும். பட்டறைக்குள் நுழைந்து பார்த்தால் அடுப்பு எத்தனை எரிகிறது என்பது தெரியும்.

இரண்டாவது, சங்கம் தான் கொடுக்க வேண்டிய பாக்கியை முப்பது நாட்களுக்குள் தீர்ப்பது. சங்கத்துக்கு வர வேண்டிய பணம் வராதபோது இது கடினம் என்பதை நான் அறிவேன். எனினும் நிர்வாகக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும், நாம் யார் யாருக்கு எத்தனை நாளாகப் பாக்கி வைத்திருக்கிறோம் என்னும் பட்டியலைப் படிப்பது கடினமன்று. நமக்கு வர வேண்டிய பாக்கியைப் பற்றிப் பேசும் அதே குரலில் நாம் தர வேண்டிய பாக்கியையும் பேசியாக வேண்டும்.

மூன்றாவது, அருகிவரும் கைவேலைகளுக்கு ஆள் பழக்குவது. விழுது கட்டும் முதியவரிடம் இரண்டு இளைஞர்கள் ஓராண்டு பழக ஆகும் உதவித்தொகையைச் சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து கொடுக்கலாம். பல சங்கங்கள் சேர்ந்து கொடுத்தால் பாரம் இன்னும் குறையும்.

விவசாய அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். அறுவடை நாளில் கடன் நெருக்கடியால் வந்த விலைக்குப் பருத்தியை விற்பவர், அடுத்த பருவத்தில் பயிரையே மாற்றக்கூடும். நூற்பாலைக்கு அந்தச் செய்தி பஞ்சு வராதபோதுதான் எட்டும். ஆகவே உங்கள் நெருக்கடியை மறைக்க வேண்டாம். சங்கத்தின் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். உரிய காலத்தில் சொன்ன குறைக்குக் கடனோ தவணையோ கொடுத்துத் தீர்வு காணலாம். கதவு பூட்டிய பின் தெரியும் குறைக்குச் சங்கம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சொல்பவரைத் தாழ்வாக நினையாமல் கேட்கும் பழக்கத்தை மற்ற அங்கத்தினர்களும் மேற்கொள்ள வேண்டும்.